பஞ்சாயத்து எடுத்த முடிவு எல்லைத் தமிழரை எட்டும் வழி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற பஞ்சாயத்துகளில் வாழும் தமிழர்களிடம் மலையாளம் தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அது பொய்யில்லை. சந்தையில் விலை பேசவும், பஞ்சாயத்து ஆபீசில் செயலாளரிடம் வந்த காரியத்தைச் சொல்லவும் வேண்டிய மலையாளம் அவர்கள் நாவில் இருக்கிறது. ஆனால் அதே மனிதர் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலின் முன்னால் நின்றால், அதில் தம் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல இன்னொருவரைத் தேடுகிறார். பள்ளியில் மலையாளம் படித்த பேரனோ பேத்தியோ உடன் வந்திருந்தால் நல்லது. இல்லையென்றால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்.

உள்ளாட்சி அலுவலகங்கள் பேச்சறிவையும் எழுத்தறிவையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றன. ‘இங்குள்ளவர்களுக்கு மலையாளம் நன்றாகத் தெரியுமே’ என்று சொல்லும் அலுவலரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தம் மேசைக்கு முன்னால் வந்து மலையாளத்தில் பேசியவரைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அதனால் அறிவிப்பு ஒட்டப்பட்ட நாளோடு மக்களுக்குத் தெரிவிக்கும் கடமை நிறைவேறிவிட்டதாகக் கோப்பு முடிகிறது. ஊரிலோ அந்தச் செய்தி இன்னும் புறப்படவே இல்லை.

சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்து 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்கும், 1956 நவம்பர் 1-இல் கேரளத்துக்கும் வந்தது. இடுக்கி மாவட்டத்தில் தமிழர் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் பகுதிகளாக இருந்தவை. மொழியைப் பார்த்து வரைந்த மாநில எல்லையின் ஓரத்தில் இப்படிப்பட்ட ஊர்கள் விழுவது தவிர்க்க முடியாதது. அதை இன்று குறையாகப் பேசிப் பயனில்லை. ஆனால் அதன் ஒரு விளைவை மட்டும் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் எல்லைக்கு அப்பால் இருப்பவர்களுக்கு அது எளிதில் தோன்றாது.

எங்கள் வீடுகளில் ஓடும் செய்தித் தொலைக்காட்சி சென்னையிலிருந்து வருகிறது. டீக்கடையில் விரிந்து கிடக்கும் நாளிதழ் பெரும்பாலும் கோவைப் பதிப்பு. ஆகவே தமிழில் எங்களுக்கு வந்து சேரும் மாநில அரசுச் செய்தி பெரும்பாலும் இன்னொரு மாநிலத்து அரசைப் பற்றியது. 2023-இல் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை எங்கள் பகுதிப் பெண்கள் விரல்விட்டுச் சொன்னார்கள். அந்தத் தொகையில் அவர்களுக்கு ஒரு ரூபாயும் உரியதில்லை. அவர்களுக்கு உரிய கேரள நலப் பென்ஷனுக்கு ஆண்டுதோறும் அக்ஷயா என்னும் அரசு இணையச் சேவை மையத்தில் விரல்ரேகை வைத்து, உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் ‘மஸ்டரிங்’ செய்ய வேண்டும், தவறினால் பென்ஷன் நிற்கும் என்ற செய்தி, அதே வீடுகள் சிலவற்றுக்கு, பணம் வராமல் நின்ற பிறகே தெரிந்தது. எனக்கு மிகவும் நெருங்கிய ஒரு முதியவருக்கு இது நேர்ந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்து தருவார்கள் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. டில்லியைப் பற்றியும் சென்னையைப் பற்றியும் தமிழில் அறிகிறோம்; திருவனந்தபுரத்தைப் பற்றி அரைகுறையாக அறிகிறோம்; அரைக் கிலோமீட்டரில் இருக்கும் பஞ்சாயத்து ஆபீஸைப் பற்றித்தான் எழுத்தில் எதுவும் கிடைப்பதில்லை.

பத்திரிகை வழியே வரும் இந்த அறிவு சில நேரங்களில் தவறான படத்தையும் தந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் கிராமசபை என்பது ஊராட்சி முழுவதற்கும் ஒன்று. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கூடும் அந்தச் சபைக்கு 2022-இல் இன்னும் இரண்டு நாட்கள் சேர்ந்தன. கேரளத்தில் அப்படியில்லை. 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனி கிராமசபை உண்டு; மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் அது கூட வேண்டும்; வார்டு மெம்பரே அதைக் கூட்டுபவர்; வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். தொடர்ந்து இரண்டு முறை கூட்டத் தவறும் மெம்பர் பதவியையே இழக்க நேரிடும். நகராட்சிகளில் இதற்கு இணையானது வார்டு சபை. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு மேல் உள்ள நகரங்களில் வார்டு கமிட்டி. ஆகஸ்ட் 15 அன்று பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய், ‘கிராமசபை இல்லையா’ என்று கேட்டுத் திரும்பிய எங்கள் ஊர்க்காரர் எதையும் அறியாதவர் அல்லர். அவர் அறிந்திருந்தது வேறொரு மாநிலத்தின் ஒழுங்கு.

அதிகாரங்களிலும் இந்த வேறுபாடு உண்டு. 1996 ஆகஸ்ட் 17-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கும் முடிவை கேரளம் எடுத்தது. அதற்குச் சற்று முன்பே ஆரம்ப சுகாதார நிலையம், கிருஷிபவன் என்னும் வேளாண் அலுவலகம், கால்நடை மருத்துவமனை, அங்கன்வாடி ஆகியவை கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் வந்திருந்தன. உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் மாலை நேரத்தில் டாக்டர் இருப்பாரா, கிருஷிபவனில் தென்னைக்கு உரம் மானியத்தில் கிடைக்குமா என்பவையெல்லாம் பஞ்சாயத்துக் கமிட்டியின் மேசையில் தீர்மானமாகின்றன. தமிழ்நாட்டு ஊராட்சிக்கு இத்தனை பொறுப்பு கிடையாது. ஆதலால் தமிழ்ச் செய்திகளைக் கொண்டே உலகத்தை அறியும் ஒருவருக்கு, டாக்டர் இல்லாத குறையைப் பஞ்சாயத்திடம் கேட்கலாம் என்ற எண்ணமே எழுவதில்லை.

முடிவு எப்படி உருவாகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் எந்தக் கட்டத்தில் செய்தி வந்தால் பயன் என்பது அதைப் பொறுத்தது. ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்திலும் நிதி, வளர்ச்சி, நலன், சுகாதாரம்-கல்வி என்று நான்கு நிலைக்குழுக்கள் உள்ளன. ஆண்டுத் திட்டம் தயாராகும் காலத்தில் துறைவாரியாகப் பணிக்குழுக்கள் கூடிப் பரிந்துரைகளை எழுதுகின்றன. அவை கிராமசபைக்கு வருகின்றன. பிறகு வளர்ச்சிக் கருத்தரங்கு. அதன்பின் கமிட்டியின் ஒப்புதல். கடைசியாக மாவட்டத் திட்டக் குழு. கிராமசபைக் கட்டத்தில் ஒருவர் எழுந்து, ‘எங்கள் பகுதிக்குக் குடிநீர்க் குழாய் போட்டுவிட்டு ரோட்டுக்குத் தார் போடுங்கள்’ என்று சொன்னால் அது திட்டத்தை மாற்றும். மாவட்டத் திட்டக் குழு ஒப்புதல் கொடுத்த பிறகு அதே சொல் முறையீடு மட்டுமே. ஆகவே நடந்து முடிந்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் காட்டிலும், நடக்கப்போகும் கூட்டத்தின் அஜெண்டா மக்கள் கையில் இருப்பது மேலானது என்று நான் கருதுகிறேன். எங்கள் பக்கம் செய்தி வருவதே குறைவு. வருவதிலும் பெரும்பகுதி முடிவுக்குப் பின்னால் வருகிறது.

பயனாளிப் பட்டியல்கள் இதைத் தெளிவாகக் காட்டும். வீடில்லாதவர்களுக்கான லைஃப் திட்டத்தில் 2022-இல் வெளியான பட்டியல் முதலில் வரைவாக வந்தது. அதன்மேல் இரண்டு கட்ட மேல்முறையீடு. பிறகு கிராமசபையின் ஒப்புதல். அதற்குப் பிறகே இறுதி வடிவம். பெயர் விடுபட்ட குடும்பத்துக்கு இந்த ஒழுங்கில் இரண்டு மூன்று வாசல்கள் திறந்திருந்தன. ஆனால் சுவரில் ஒட்டிய தாளின் தலைப்பில் இருந்த சொல் ‘கரட்’ என்பது. மலையாளத்தில் கரட் என்றால் வரைவு. தமிழ்க் காதுக்கு அது கரடு; அதிலிருந்து, ‘இது முடிவான பட்டியல் இல்லை, ஆட்சேபம் சொல்ல இன்னும் நாள் இருக்கிறது’ என்ற பொருளை ஒருவர் எப்படி எடுப்பார்?

இரண்டு மொழிகளும் உடன்பிறந்தவை என்பதால் சொற்கள் ஒத்திருக்கின்றன, ஒத்திருப்பதாலேயே தவறான பொருளைக் கொடுக்கின்றன. மலையாளத்தில் ‘அவகாசம்’ என்றால் உரிமை. நமக்கு அது கால நீட்டிப்பு. ‘பிழ’ என்றால் அபராதம். நாம் பிழை என்று கேட்டுக்கொள்கிறோம். வீட்டு வரி நோட்டீசில் ‘பிழப்பலிச’ என்று இருப்பது அபராத வட்டி. யாரோ செய்த கணக்குப் பிழை என்று எண்ணி அதைத் திருத்தச் சொல்லி ஆபீசுக்கு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். கேரள உள்ளாட்சிச் சட்டத்தில் இடம்பெற்ற மிக நல்ல ஏற்பாடுகளில் ஒன்று, எந்தச் சேவை எத்தனை நாளில் கிடைக்கும், அதற்கு எந்தச் சான்றுகள் வேண்டும் என்று பஞ்சாயத்து வெளியிட்டாக வேண்டிய குடிமக்கள் சாசனம். அதன் மலையாளப் பெயர் ‘பௌராவகாச ரேக’. ரேக என்றால் ஆவணம். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் இந்தப் பலகையை யாராவது படித்துச் சொல்லக் கேட்டாலும், அவர் மனத்தில் அவகாசமும் கைரேகையும்தான் தோன்றும். மொழிபெயர்ப்பு தேவையில்லை, பழகிய சொற்கள்தானே என்று சொல்பவர்கள் இந்தப் பெயர்ப்பலகையின் முன்னால் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்க வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடத் தாராளமானது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் ஆட்சிமொழிகள் ஆக்கியது. அதே சட்டம் தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களோடும் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்கிறது. பதிலும் அதே மொழியில் வர வேண்டும். அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்கலாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிறது. மொழிச் சிறுபான்மையினருக்காக நடுவண் அரசும் மாநிலங்களும் ஒப்புக்கொண்ட பாதுகாப்பு ஏற்பாட்டில், மாவட்டத்திலோ அதற்குக் கீழான அளவிலோ 15 விழுக்காட்டினர் பேசும் மொழியில் முக்கிய விதிகளையும் அறிவிப்புகளையும் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்பது ஓர் அங்கம். இங்கே எந்த அளவைக் கொண்டு கணக்கிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம் முழுவதையும் எடுத்தால் தமிழர் பங்கு சிறுத்துத் தெரியும். கிழக்கு ஓரத்துப் பஞ்சாயத்துகளை மட்டும் எடுத்தால் பல வார்டுகளில் அவர்களே பெரும்பான்மை.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பலரும் மனுப் போட்டுப் பதில் வாங்கும் சட்டமாக மட்டுமே அறிவார்கள். அதன் நான்காம் பிரிவு அதற்கு முந்தையது: யாரும் கேட்காமலேயே அலுவலகங்கள் தகவலை வெளியிட வேண்டும், மக்களைப் பாதிக்கும் முடிவை அறிவிக்கும்போது அதற்கான உண்மைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், முடிவால் பாதிக்கப்படுபவர்களுக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். வெளியிடும்போது செலவையும், உள்ளூர் மொழியையும், அந்தப் பகுதியில் மிக நன்றாகப் பயன்படும் தொடர்பு முறையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. அறிவிப்புப் பலகையும் இணையமும் மட்டுமல்லாமல் பொது அறிவிப்பு செய்வதையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மனுவைப் பொறுத்தவரை ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி ஆகியவற்றையே சட்டம் பெயரிடுகிறது என்பதால் தமிழ் மனுவுக்குச் சில மேசைகளில் தடை சொல்லக்கூடும். ஆனால் எழுத்தில் கொடுக்க இயலாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தாக்க உரிய உதவி செய்வது தகவல் அலுவலரின் கடமை என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. இந்த ஒரு வரி எங்கள் பகுதிக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது.

இத்தனை விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பஞ்சாயத்து முடிவு என்றால் தெருவிளக்கும் சாக்கடையும்தானே என்ற அலட்சியம் நம்மிடமும் இருக்கிறது. இதே சித்தூர் தாலுகாவில், பெருமாட்டி பஞ்சாயத்துக்கு உட்பட்ட பிளாச்சிமடையில், கோகோ-கோலா ஆலைக்கு 2000-ஆம் ஆண்டில் உரிமம் கொடுத்தது பஞ்சாயத்துதான். கிணற்று நீர் கெட்டுப்போனதாக 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கியது. அதன் முன்வரிசையில் நின்றவர் எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா. 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததும் அதே பஞ்சாயத்து. 2004 மார்ச்சில் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உரிமம் கொடுப்பது அஜெண்டாவில் ஒரு வரியாக வரக்கூடிய விஷயம். அந்த ஒரு வரியை, அது கமிட்டிக்கு வரும் முன்பே, கிணற்றுக்குச் சொந்தக்காரர்கள் வாசிக்க முடிகிறதா என்பதே என் கேள்வி.

இனி வழிகளுக்கு வருவோம். கணினி வழி வந்தவை பல. பஞ்சாயத்துக் கூட்டங்களின் அஜெண்டாவையும் தீர்மானங்களையும் பதிவு செய்ய, உள்ளாட்சிகளின் கணினிப் பணியைக் கவனிக்கும் அரசு அமைப்பான இன்ஃபர்மேஷன் கேரள மிஷன் ‘சகர்ம’ என்ற மென்பொருளை உருவாக்கியது. 2024 ஜனவரி 1-இல் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் தொடங்கிய கே-ஸ்மார்ட் என்னும் இணையச் சேவைத் தளம் 2025-இல் பஞ்சாயத்துகளுக்கும் வந்தது. பிறப்புப் பதிவு, கட்டட அனுமதி, வரி ஆகியவற்றை வீட்டிலிருந்தே முடித்துக்கொள்ளலாம். இவை பெரிய முன்னேற்றங்கள். ஆனால் தீர்மானத்தை மலையாளத்தில் படிக்க முடியாதவருக்கு அது சுவரில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் ஒன்றே.

எங்கள் பக்கத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஊரே கூடும் இடம் பால் சொசைட்டி. காலையிலும் மாலையிலும் கேனோடு வரிசையில் நிற்கும் பத்து நிமிடத்தில் படிக்கும்படி, கொட்டை எழுத்தில், தமிழில் ஒரு பக்கம் எழுதி ஒட்டினால், அது பஞ்சாயத்து ஆபீஸ் பலகையைவிடப் பல மடங்கு கண்களில் படும். ரேஷன் கடை அதற்கு அடுத்தது. வாசிக்கவே வராதவர்களை எட்டப் பெண்களின் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீ இருக்கிறது: 1998-இல் தொடங்கிய அந்த அமைப்பின் அயல்கூட்டங்கள் பத்துப் பதினைந்து வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பேசும் கூட்டங்கள், தமிழ் வார்டுகளில் அந்தப் பேச்சு தமிழிலேயே நடக்கிறது. ஹரித கர்ம சேனையின் பெண்கள் பிளாஸ்டிக் கழிவு வாங்க வீடு வீடாக வருகிறார்கள். கிராமசபை நாளைச் சொல்லும் ஒரு துண்டுச் சீட்டை அவர்கள் கையில் கொடுத்தனுப்பலாம். அதைச் சம்பளமில்லாத கூடுதல் வேலையாக அவர்கள் தலையில் கட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வார்டு வாட்ஸப் குழுவை நான் பாதி மனத்தோடுதான் ஏற்கிறேன். மெம்பர் தமிழில் குரல் பதிவு அனுப்பினால் அது நொடியில் எல்லோரையும் எட்டுகிறது என்பது உண்மை. ஆனால் குழுவில் யாரைச் சேர்ப்பது என்பது மெம்பரின் விருப்பமாகிவிடுகிறது. எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட வீடு தானாக விடுபடுகிறது. ‘மெம்பர் சொன்னார், அதனால் கிடைத்தது’ என்ற பேச்சு வளர்கிறது. உரிமையாக வர வேண்டிய செய்தி தயவாக வரும்போது, அதைக் கேட்டுப் பெற்றவர் அடுத்த தேர்தல் வரை கடன்பட்டவராக உணர்கிறார். பொதுப் பலகையில் தமிழில் ஒட்டும் ஒரு தாளுக்கு இந்தக் குறை இல்லை.

எல்லையோரத்துக்கு மட்டும் உரிய இன்னொரு வகைச் செய்தியும் அந்தத் தாளில் இடம்பெற வேண்டும். எங்கள் பெண்கள் பலர் பிரசவத்துக்குப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போகிறார்கள். பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். எனவே அந்தக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டு உள்ளாட்சியிலிருந்து வரும், பெற்றோர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும். 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. இதை அறியாமல் குழந்தை பள்ளியில் சேரும் வயதில் இங்குள்ள பஞ்சாயத்துக்கும் அங்குள்ள மாநகராட்சிக்குமாக அலைந்த குடும்பங்கள் உண்டு.

உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளர்கள் எங்கள் வார்டுகளில் தமிழில் நோட்டீஸ் அடிக்கிறார்கள், தமிழில் மைக் கட்டிப் பேசுகிறார்கள். அதற்கு அச்சகமும் இருக்கிறது, எழுதித் தர ஆளும் இருக்கிறது, தமிழ் வழிப் பள்ளிகளின் ஆசிரியர்களும் ஊரிலேயே இருக்கிறார்கள். மாதம் ஒரு முறை கமிட்டி எடுத்த முடிவுகளையும், அடுத்த கிராமசபையின் நாளையும் அஜெண்டாவையும் ஒரு பக்கத் தமிழில் தருவதற்கு ஆகும் செலவு எந்தப் பஞ்சாயத்துக்கும் பாரமாகாது. அதைத் திட்டத்தில் சேர்க்கும்படி கேட்க வேண்டிய இடம் கிராமசபை. அடுத்த கூட்டம் வரை காத்திருக்க முடியாதென்றால், வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு, பேச வேண்டிய பொருளையும் எழுதிக் கொடுத்தால், மெம்பர் பதினைந்து நாளுக்குள் சிறப்புக் கிராமசபையைக் கூட்டியாக வேண்டும். அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதலாம்.